சவுக்கு இல்லாவிட்டால் வேலை நடக்காதா?

"மேலே ஒரு முதலாளி வேண்டும். நடுவே ஒரு மேஸ்திரி வேண்டும். தவறினால் சீட்டுக் கிழியும் என்ற பயம் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எந்த வேலையும் உருப்படாது!"

சில கனவான்கள் ஓயாமல் இப்படி ஓதி வருகிறார்கள். ஆலையில் ஓதினார்கள், பண்ணையில் ஓதினார்கள். இப்போது கம்ப்யூட்டர் துறையிலும் அதே பல்லவிதான். "பல பேர் கூடினால் கூச்சல்தான் மிஞ்சும். சொந்தக்காரன் இல்லாத சரக்கில் தரம் இருக்காது. சொன்ன தேதிக்கு எதுவும் முடியாது" என்கிறார்கள்.

அப்படியா? அவர்கள் பெருமையடித்துக் கொள்ளும் அந்தத் துறையிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம்.

பேரேடு யாருடையது?

ஆலையில் ஆஜர் புத்தகம் இருக்கிறது. பாங்கில் பேரேடு இருக்கிறது. ரயிலில் யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல் இருக்கிறது. லட்சக்கணக்கான இத்தகைய கணக்குகளைக் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டேட்டாபேஸ் என்று பெயர். இதில் ஒரு வரி தவறினால் ஒருவன் கூலி தவறும். ஒரு பக்கம் அழிந்தால் ஒருவன் சேமிப்பு அழியும். விளையாட்டு விஷயமல்ல.

உலகெங்கும் பெரிதும் பயன்படும் டேட்டாபேஸ்களில் ஒன்று போஸ்ட்கிரெஸ். 1986-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கியது. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து, 1996-ல் போஸ்ட்கிரெஸ்-எஸ்.க்யூ.எல். என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அன்று முதல் அதற்குச் சொந்தக்கார முதலாளி என்று யாரும் இல்லை. அதன் மூல எழுத்து முழுவதும் பகிரங்கம். எவரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். பல தேசங்களில் உள்ள உழைப்பாளிகள் அதைக் கட்டுகிறார்கள். ஒருவருக்கு ஒரு கம்பெனி சம்பளம் தருகிறது, இன்னொருவருக்கு அதன் போட்டிக் கம்பெனி தருகிறது. வேறு சிலர் சொந்த நேரத்தில் உழைக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் உத்தரவு போட ஒரு மானேஜர் கிடையாது.

அப்படியானால் வேலை குட்டிச்சுவராகியிருக்க வேண்டுமே! ஆகவில்லை. வருஷத்துக்கு ஒரு பெரிய வெளியீடு வருகிறது. 2023-ல் செப்டம்பர் 14, 2024-ல் செப்டம்பர் 26, 2025-ல் செப்டம்பர் 25. எப்படி முடிகிறது?

கெடு வைப்பது யார்?

அவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்கள். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் - இந்த ஐந்து மாதங்களும் பரிசீலனை மாதங்கள். புதிதாக எழுதப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் பொதுப் பட்டியலில் ஏறும். எது பார்வைக்குக் காத்திருக்கிறது, எது எழுதியவரின் பதிலுக்குக் காத்திருக்கிறது, எது சேர்க்கத் தயார் என்பதை உலகத்தில் எவரும் பார்க்கலாம். மூடிய அறை கிடையாது. பட்டியலை ஓட்டிச் செல்ல ஒருவர் தாமே முன்வருவார். அவர் யாருக்கும் அபராதம் போட முடியாது, யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. "உமது திருத்தம் நிற்கிறதே, பதில் எங்கே?" என்று நினைவூட்டலாம். அவ்வளவே அவர் அதிகாரம்.

இங்கே ஒரு விதி உண்டு. அதைத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நீ ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தால், அதே அளவு கடினமான இன்னொருவர் திருத்தத்தை நீ பரிசீலிக்க வேண்டும். நடவில் இன்று உன் வயல், நாளை என் வயல் என்று கைமாற்றாக உழைப்பது நமக்குத் தெரியும். அதே நியாயந்தான் இது. பரிசீலனையில் தேறியதை மூலத்தில் சேர்க்கும் உரிமை சுமார் 30 பேருக்கு மட்டுமே உண்டு. பல வருஷ வேலையைப் பார்த்து மற்றவர்கள் வைத்த நம்பிக்கையால் வந்த உரிமை அது.

மார்ச் முடிந்ததும் கதவு அடைபடும் நாள் வருகிறது. 2023, 2024, 2025 மூன்று வருஷங்களிலும் அந்தத் தேதி ஏப்ரல் 8. அதிலும் ஒரு நியாயம் பாருங்கள். ஒரு தேசத்தில் பகலாக இருக்கும்போது இன்னொரு தேசத்தில் இரவு. ஆகவே பூமியின் கடைசி மூலையிலும் ஏப்ரல் 7 முடிந்த பிறகே கெடு தீர்ந்ததாகக் கணக்கு. யாருடைய நாளும் திருடப்படவில்லை!

அதன் பிறகு புதிய வேலை எதுவும் உள்ளே வராது. பிழை களைவது மட்டுமே வேலை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு சிறு கமிட்டி இதை மேற்பார்வை செய்கிறது. தீராத குறைகளின் பட்டியலை அது பகிரங்கமாக வைத்திருக்கும். மே மாதத்தில் சோதனைப் பதிப்பு வருகிறது. 2024-ல் மே 23, 2025-ல் மே 8. "எடுத்து ஓட்டிப் பாருங்கள், உடைத்துக் காட்டுங்கள்" என்று உலகத்தையே கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், பலர் பல ஊர்களில் தங்கள் கம்ப்யூட்டர்களை இந்த வேலைக்கென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மெஷின், புது மெஷின், வெவ்வேறு ரகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணியின் பெயர். மூலத்தில் மாற்றம் நடந்தால் அதை எடுத்து முழுவதும் கட்டிச் சோதித்துப் பார்க்கும். எங்கே உடைந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மறைக்க வழியில்லை.

வேண்டாம் என்று சொல்லும் தைரியம்

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்கள் மட்டும் போதாது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவனும் வேண்டும். அவன் கை தளர்ந்தால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் உழைப்பாளிகள் கட்டை போடத் தயங்குவதில்லை. 2018-ல் மெர்ஜ் என்ற புதிய கட்டளையைச் சேர்த்தார்கள். கட்டுமானம் சரியில்லை என்று விமர்சனம் எழுந்தது. அந்த வருஷமே எடுத்துவிட்டார்கள். சீர் செய்யப்பட்டு 2022-ல்தான் அது வெளியே வந்தது. அதே 2022-ல் ஜேசன் சம்பந்தமான பெரிய பகுதி ஒன்று சோதனைப் பதிப்புகளிலேயே வெளியாகிவிட்டது. ஜனங்கள் அதை ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தன. "இது இன்னும் பக்குவப்படவில்லை" என்று செப்டம்பரில் அதை அப்படியே பின்வாங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 2023-லும் 2024-லும் சேர்த்தார்கள்.

நாம் கேட்கிறோம்: விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, ஆர்டர் வாங்கியாகிவிட்டது என்றால், லாப வேட்டைக்காரன் இப்படிச் சரக்கை நிறுத்துவானா? "அனுப்பு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றல்லவா சொல்வான்? பழுதைச் சுட்டிக் காட்டிய தொழிலாளியை அல்லவா முதலில் வெளியே தள்ளுவான்?

தவறு நேராமல் இல்லை. 2024 நவம்பர் 14-ல் விட்ட திருத்தப் பதிப்பு, சில துணைச் சாதனங்களை இயங்காமல் செய்தது. மூடி மறைத்தார்களா? இல்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 21-ல், சரி செய்து வேறு பதிப்பை விட்டார்கள்.

பட்டா யார் பேரில்?

சொந்தக்காரன் இருந்தால்தான் பத்திரம் என்கிறார்களே, மை-எஸ்.க்யூ.எல். கதையைப் பார்க்கட்டும். அதுவும் பகிரங்க மூலம் கொண்ட டேட்டாபேஸ்தான். ஆனால் பட்டா ஒரு கம்பெனியின் பேரில் இருந்தது. 2008-ல் அந்தக் கம்பெனியை சன் வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் விழுங்கியது. டேட்டாபேஸ் விற்றே பெருத்த ஆரக்கிள் கையில், அதற்குப் போட்டியாக இருந்ததும் போய்ச் சேர்ந்தது! அதைத் தொடக்கத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரே 2009-ல் மரியா-டிபி என்று தனியாகக் கிளை பிரிக்க நேர்ந்தது.

போஸ்ட்கிரெஸிலோ, வழிகாட்டும் மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே கம்பெனியின் ஆட்களாக இருக்கக் கூடாது என்பது வழக்கம். 2020-ல் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியதால் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். உடனே வேறு இடங்களில் வேலை பார்க்கும் இருவரைச் சேர்த்துக் குழுவை ஏழாக்கினார்கள். பட்டா ஒருவன் பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது இப்படித்தான்!

கூலியை மறைக்கும் புகழ்ச்சி

இதையெல்லாம் கண்டபின் கனவான்கள் வேறு வேஷம் போடுகிறார்கள். "ஆகா, என்ன தியாகம்! கூலி கேட்காமலே உழைக்கிறார்களே!" என்று கண்ணீர் வடிக்கிறார்கள். இந்தப் புகழ்ச்சி வசவைவிட ஆபத்தானது. கூலி கொடுக்காமல் தப்பிப்பதற்கான புகழ்ச்சி இது!

உண்மை என்ன? போஸ்ட்கிரெஸ் வேலையில் பெரும்பகுதி, சம்பளம் வாங்கும் கைகளால் நடப்பது. சம்பளமும் துணையும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்-இசட் என்ற சிறு கருவி எண்ணற்ற கம்ப்யூட்டர்களில் இருப்பது. அதை ஒரு தனி மனிதர் ஊதியமில்லாமல் காத்து வந்தார். அவர் களைத்திருந்த நேரத்தில், உதவி செய்வதாக ஒருவன் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக நடித்து, சாவியைக் கையில் வாங்கி, திருட்டுக் கதவு ஒன்றை உள்ளே வைத்தான். அதைப் பிடித்தவர் யார்? போஸ்ட்கிரெஸ் உழைப்பாளிகளில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, வெளியிலிருந்து உள்ளே நுழையும் நேரம் அரை விநாடி கூடியிருப்பதைக் கண்டு, விடாமல் துருவினார். சம்பளத்தோடும் நேரத்தோடும் உழைத்த ஒருவரின் கவனம், கைவிடப்பட்ட இன்னொருவரின் வீட்டைக் காத்தது.

போஸ்ட்கிரெஸிலும் எல்லாம் சுகமல்ல. எழுதுகிறவர்கள் அதிகம், பரிசீலிக்கிறவர்கள் குறைவு. ஒவ்வொரு பரிசீலனை மாதத்திலும் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வரிசையில் நிற்கின்றன. பல, அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகின்றன. புதிதாகச் செய்தால் பேர் வரும். அடுத்தவன் பிழையைத் தேடினால் யார் மாலை போடுகிறார்கள்? அமேசான், கூகிள், மைக்ரோசாப்ட் முதலிய ராட்சதக் கம்பெனிகள் போஸ்ட்கிரெஸை வாடகைக்கு விட்டுப் பணம் சேர்க்கின்றன. அவை சிலருக்குச் சம்பளம் தருவது உண்மையே. ஆனால் அறுவடைக்கு வருகிறவன் களையெடுக்கவும் வர வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது இதுதான். இந்தப் பொதுப் பேரேட்டை விற்றுப் பிழைக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் தொழிலாளிக்கு, மற்றவர் வேலையைப் பரிசீலிக்கச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தையும் வேலையாகவே கணக்கில் எழுத வேண்டும். சோதனைப் பதிப்பை முதலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் பொறுப்பை அவர்களே ஏற்க வேண்டும். தன்னந்தனியாகப் பொதுச் சொத்தைக் காப்பவர்களுக்குத் துணையும் ஊதியமும் கிடைக்க வேண்டும்.

சவுக்கு வேண்டாம், கனவான்களே. பகிரங்கமான பட்டியல், எல்லோருக்கும் ஒரே கெடு, ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கும் கடமை, பழுதென்றால் நிறுத்தும் உரிமை, உழைத்ததற்குக் கூலி - இவை போதும். வேலை நடக்கும்!