படகின் எஞ்சினும் பெட்ரோலும்

எம் ஊராகிய ஒலக்கூர் கடலோரத்ததன்று. ஏரியும் வயலும் இருப்புப்பாதையும் உடையது. ஆதலின், படகின் எஞ்சினைப் பற்றி எழுதப் புகும் எம்மைக் கண்டு நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். எனினும், திண்டிவனத்தினின்று கிழக்கே சென்றால் மரக்காணம் வருகின்றது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் அப்பகுதியே என்பர் அறிஞர். அதன் பழம்பெருமையைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு, இன்று அக்கரையில் வாழ்வார் படும் இடரை அறியாதிருத்தல் தமிழ் பயில்வார்க்குத் தகாது.

சென்ற விடுமுறையில் அப்பக்கத்துக் கரையில் பைபர் படகொன்றின் எஞ்சினைப் பழுது பார்க்கக் கண்டோம். அலை உடையும் இடத்தில் அது நின்றுபோயிற்றாம். அங்கே எஞ்சின் நின்ற படகு அலைக்குக் குறுக்கே திரும்பும், திரும்பினாற் கவிழும். அன்று தெய்வாதீனமாக ஒருவர்க்கும் தீங்கில்லை. பேதுருவின் படகு பாயாலும் துடுப்பாலும் சென்றமையால் இத்தொல்லை அவருக்கில்லை! உடையவர் பிளக்கை மாற்றியிருந்தார். கார்புரேட்டரின் திருகுகளையும் முறுக்கிப் பார்த்திருந்தார். பின்னர் முதியவர் ஒருவர் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தார். சற்று நேரத்தில் அது மேலும் கீழுமாக இரண்டாய்ப் பிரிந்து நின்றது. பழுது எஞ்சினில் இல்லை, பெட்ரோலில் இருந்தது.

நம் நாட்டுப் பெட்ரோலில் 2022-இல் நூற்றுக்குப் 10 பங்கும், 2025-இல் 20 பங்கும் எத்தனால் கலக்கப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஈரம் மிகின் நீரும் எத்தனாலும் ஒன்றுகூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியிற் படியும். எஞ்சினுக்குச் செல்லுங் குழாயோ தொட்டியின் அடியினின்றே உறிஞ்சுகின்றது. ஆயில் கலந்து ஓட்டும் டூஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இஃது இருமடங்கு கேடு. ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிட, உள்ளே செல்லும் நீர்க்கலவை உராய்வைத் தடுப்பதில்லை.

மண்ணெண்ணெயில் எத்தனால் இல்லை. அரசும் மீனவர்க்கு அதனை மானிய விலையில் அளிக்கின்றது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எளிதிற் கிளம்பாது. பெட்ரோலிற் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுதல் வேண்டும். இவ்வாறு பெட்ரோல் சிறிது சிறிதாகவே செலவாவதால், அது கேனில் நெடுநாள் உப்புக்காற்றில் கிடக்கின்றது. மோட்டார் வண்டியில் ஒரு வாரத்திலேயே எரிந்துவிடும் பெட்ரோல், படகிற் கெட்டுப்போவதற்கு இதுவே காரணம். (டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இல்லை; அதன் செய்தி வேறு.)

எஞ்சின் நின்றவுடன் திருகுகளை முறுக்குவது பிழை என்பது எம் துணிபு. முதலில் தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்துள்ளதா என்று காண்க. அது மூடியிருப்பின் சிறிது தூரம் ஓடியபின் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். அடுத்து வடிகட்டியையும் அடிக்கிண்ணத்தையும் பார்த்து, ஜெட்டின் நுண்துளையை ஊதித் தெளிவாக்குக. பிளக்கும் திருகும் அதற்குப் பின்னரே. நெடுநாள் கரையில் நிறுத்துங்கால் கிண்ணத்தை வடித்துவிடுதல் நன்று. இன்றேல் பெட்ரோல் வற்றிப் பிசினாய் ஜெட்டை அடைக்கும்.

எத்தனாலை யாம் வெறுப்பவரல்லேம். விழுப்புரத்துக் கரும்பு விளைப்பாரும் பிழைக்க வேண்டுமன்றோ? ஆயினும், அமெரிக்காவில் 15 பங்கு கலந்த பெட்ரோல் விற்கும் பம்பிலேயே, இதனைப் படகுக்கு ஊற்றற்க என்று எழுதி ஒட்டுகின்றனர். 20 பங்கு கலந்து விற்கும் நம் பக்கத்து நிலையங்களில் அத்தகைய எழுத்தொன்றையும் யாம் கண்டிலோம். கலப்பின் அளவையும் படகுக்குரிய எச்சரிக்கையையும் கடலோர நிலையங்களில் தமிழில் எழுதுவித்தலும், மீன்பிடி தளங்களிலேனும் கலப்பில்லாப் பெட்ரோல் கிடைக்கச் செய்தலும் அரசின் கடமையாகும். முன்னதற்குச் செலவு மிகுதியில்லை. ஓரிரு வரிகள் போதும். அவற்றை நல்ல தமிழில் எழுதித் தர எம் வகுப்பார் இன்றே ஆயத்தமாயுள்ளனர்.