சென்னையின் பெயர் தாங்கிய நோய்

 

பத்தமடை என்றால் பாய், நெல்லை என்றால் அல்வா. நம் மாநிலத் தலைநகரின் பெயரை ஒரு நோயும் தாங்கியிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மருத்துவ நூல்களில் அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று வழங்குகிறது.

தசைக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் மடிவதே இவ்வகை நோய். பாளையங்கால்வாயில் மடை அடைபட்டால் வயல் காய்கிறது. வயலின் மண்ணில் குற்றமில்லை, நீர்தான் வரவில்லை. அவ்வாறே நரம்பின் ஆணை நின்றுபோன தசை நாளடைவில் மெலிந்து சுருங்குகிறது. இது பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோரையே பற்றும், சில ஆண்டுகளில் உயிரைப் பறிக்கும் என்றே மேலைநாட்டு நூல்கள் கூறிவந்தன.

சென்னை மருத்துவர்கள் கண்டதோ வேறு. கைகால் மெலிந்து, முகத்தசை தளர்ந்து, பேச்சுக் குழறி, விழுங்கவும் இடர்ப்பட்ட இளவயதினர் அவர்களிடம் வந்தனர். பலருக்கு இரு காதும் கேட்கவில்லை. ஆயினும் நோய் மெல்லவே நகர்ந்தது. நூலில் இல்லையே என்று ஒதுக்கிவிடாமல், மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். படித்ததைவிடக் கண்ணால் கண்டதை நம்பிய அந்தத் துணிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னர் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் டாக்டர் கௌரி தேவியும், அவருக்குப் பின் டாக்டர் நளினியும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1971 முதல் 2007 வரை அங்கு வந்த 116 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2008இல் வெளிவந்தது. பெரும்பாலோரிடம் நோயின் மூலகாரணம் இன்னும் பிடிபடவில்லை.

இதனோடு உருவில் ஒத்த மற்றொரு நோயும் உண்டு. 1894இல் பிரவுன் என்பவர் முதலில் எழுதியது. பிள்ளைக்குக் காது மந்தமாகும், பிறகு முகமும் கைகளும் தளரும், மூச்சும் திணறக்கூடும். 2010இல்தான் ஒரு காரணம் வெளிப்பட்டது. ரைபோபிளேவின் எனும் பி2 வைட்டமினை உடலணுக்களுக்குள் கொண்டுசேர்க்கும் மரபணுவில் பழுது! அப்பழுது உள்ள குழந்தைகளுக்கு அவ்வைட்டமினை மிகுந்த அளவில் கொடுத்தபோது பலர் தேறினர். காலம் தாழ்த்தாமல் தொடங்கினால் பலன் அதிகம். இரண்டு நோயும் ஒன்றல்ல. எது எதுவென்று நரம்பியல் மருத்துவரே பிரித்தறிய வேண்டும். கடையில் மாத்திரை வாங்கி நாமே கொடுத்துப் பார்க்கும் காரியமன்று.

இங்கேதான் நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளையின் வாய் கோணினால் காற்றுக் கருப்பு என்கிறோம். கை மெலிந்தால் கண்ணேறு என்கிறோம். தாயத்தும் ஓதிய தண்ணீருமாக மாதங்கள் ஓடுகின்றன. நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை மிம்பரில் கேட்கிறோம். வீடு திரும்பியதும் மறக்கிறோம். துஆ வேண்டாம் என்று யார் சொன்னார்? துஆவோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கும் போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்று. பி2 வைட்டமின் தொடர்பான அந்த மரபணுப் பழுது வாப்பாவிடமிருந்தும் உம்மாவிடமிருந்தும் ஒருங்கே வந்தால்தான் பிள்ளைக்கு நோய் தோன்றும். மாமி மகனும் மாமன் மகளும் மணக்கும்போது ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. உறவில் மணப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இவ்வாறு நேர்ந்திருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவதில் என்ன குறை? மருமகளை மட்டும் பழிப்பது அறியாமை. பங்கு இருவருக்கும் சமம்.

காது கேளாமை, நாள்பட்ட நரம்பியல் நோய், தசைச்சிதைவு மூன்றும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். கேட்புக் கருவியும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் படிப்பு நின்றுபோகாமல் காக்க உதவும்.

மருத்துவரிடம் செல்லும்போது, காது மந்தமானது எப்போது, கை தளர்ந்தது எப்போது, விழுங்கும்போது புரையேறுகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்களா என்று அவர் கேட்பார். வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். அவருடைய அடுத்த பரிசோதனை எதுவென்பது அந்த விடையைப் பொறுத்தும் அமையும்.