கீழாநெல்லி கொடுக்கலாமா?



கெலுகோரில் மழை பெய்தால் வேலியோரம் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். காமாலை என்றவுடன் அதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய மாணவன் ஒருவனின் பாட்டியார், பள்ளி வாசலில் என்னிடம், "பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு டீச்சர், கீழாநெல்லி கொடுக்கலாமா?" என்று கேட்டார். "வேண்டாம் பாட்டி, இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். அதற்கான காரணத்தை எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும்.

மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் காமாலை ஒரே நோயன்று. மாற்றுக்கு முன் செலுத்தப்படும் கடுமையான மருந்துகள் கல்லீரலின் நுண்ணிய இரத்த நாளங்களைப் பாதித்து அடைத்துவிடக்கூடும். இது பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் நேரும். உடல் எடை திடீரெனக் கூடும், வயிற்றில் நீர் தேங்கும். இதற்கு டிஃபைப்ரோடைடு என்னும் மருந்து உண்டு. சில வேளைகளில் கொடையாளியின் வெள்ளணுக்களே பிள்ளையின் பித்தக் குழாய்களைத் தாக்கும். அதற்கு ஸ்டீராய்டு தேவை. மற்றொரு காரணம், உடலில் உறங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி கிருமி விழித்தெழுவது. அதற்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி மேலும் பெருகும். கிருமியை அடக்கும் மருந்து கட்டாயம் வேண்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகலாம். மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்து இதனைப் பிரித்தறிய இயலாது.

1986 முதல் மஜ்ஜை மாற்றுச் செய்துவரும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தலசீமியா நோயாளிகளுள் மிகுந்த ஆபத்துடைய பிரிவினருக்கு, மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்து முறையை மாற்றியபோது கல்லீரல் நாள அடைப்பு 78 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாகக் குறைந்தது. காரணம் அறிந்து செயல்பட்டதன் பயன் இது.

கீழாநெல்லியை நான் இழிவாகக் கருதவில்லை. ஆயினும், எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைக்குப் பச்சிலைச் சாற்றிலுள்ள மண்ணும் கிருமியும் நஞ்சாகலாம். மூலிகைகள் சில, பிள்ளை உட்கொள்ளும் மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றிவிடும். அதனினும் பெரிய இழப்பு, மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டில் காத்திருக்கும் நாள்களே.

பாட்டியாரைக் குறை கூறுவது முறையன்று. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பெற்றோரிடம் விளக்குகிறார். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அச்செய்தி சென்று சேர்வதில்லை. பிள்ளைக்கு எதை ஊட்டுவது என்று முடிவு செய்பவரோ அவர்தாம்! எனவே பெற்றோர்களே, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அனைத்தையும் தமிழில் எடுத்துக் கூறுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருமையாதல், எடை கூடுதல், வயிறு உப்புதல் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மருத்துவமனைத் தொலைபேசி எண்ணையும் அதில் சேருங்கள். ஆசிரியர்களே, அத்தாளை எழுதித் தருவதும் நம் பணிதான்.

கொடுப்பதற்கு முன் அப்பாட்டியார் கேட்டாரே, அதுவே பிள்ளைக்குக் கிடைத்த முதல் மருந்து. கேட்கத் தயங்காத வீடுகள் பெருகட்டும்.