இந்த ஆண்டு நமக்குப் பிடித்த புத்தகம் எது?

ஆண்டு முடியும் வேளையில் பெரிய பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. ஆண்டின் சிறந்த நூல்கள் இவை என்று பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் எடுத்துச் சொல்கிறார்கள். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தொழிலாளியிடமும், சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணிடமும், "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்பவர் யார்? இவர்களுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்பது கனவான்களின் முடிவு.

நாம் கேட்டோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த ஓராண்டாக வாரம் ஒரு மாலை, மில் தொழிலாளர் சங்கக் கட்டிடத்திலும் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பிலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று நடத்தி வந்தோம். ஆண்டுக் கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வி: எந்தப் புத்தகத்தை மறுபடியும் வாசிக்கச் சொல்வீர்கள்?

இது நாம் கண்டுபிடித்த வழியல்ல. 1865இல் கியூபா நாட்டின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை வாசிக்க வைத்தார்கள். கைகள் சுருட்டைச் சுற்றும். காதுகள் கதையைக் கேட்கும். எந்தப் புத்தகம் என்பதைத் தொழிலாளர்களே தீர்மானித்தார்கள். மறு ஆண்டே, 1866இல், ஆட்சியாளர்கள் இதற்குத் தடை போட்டார்கள். கதை கேட்கும் தொழிலாளியைக் கண்டு அரசாங்கம் ஏன் பயப்பட வேண்டும்? யோசித்துப் பாருங்கள். தடை நிலைக்கவில்லை. அவர்கள் விரும்பிக் கேட்ட துமாவின் நாவலிலிருந்து 'மாண்டிகிறிஸ்டோ' என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் பீடித் தொழிலாளர்கள் இதையே செய்தார்கள். ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

இனி நம் பட்டியலுக்கு வருவோம். தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்த நாவல். கைத்தறி நெசவாளர்களின் பட்டினியைச் சொல்வது. செக் மொழிக்கும் போன புத்தகம். நூலோடு மாரடிக்கும் மில் தொழிலாளர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ 'எரியும் பனிக்காடு' என்றார்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்து, பிறகு தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது அது. இரா. முருகவேள் தமிழாக்கினார். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். கூலியில் கழித்துக் கழித்துப் பார்த்தாலும் கடன் தீருவதில்லை. ஊர் திரும்ப வழியில்லை. ஒரு மில் தோழர் சொன்னார்: "மேஸ்திரி இன்னும் சாகலைங்க. பேரை மாத்திக்கிட்டு நம்ம ஊருக்கு வர்றான்." உண்மைதானே? மூன்று வருஷம் வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, நம் மாவட்டத்துப் பெண்பிள்ளைகளையும் வெளியூர் நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துப் போன புரோக்கர்களை நாம் அறிவோம்.

விவசாயத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தது டி. செல்வராஜின் 'தோல்'. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கதை, 2010இல் வந்தது, 2012இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியில் நின்று கைகால் வெந்துபோகும் மனிதன், தீண்டத்தகாதவன் என்றும் ஒதுக்கப்படுகிறான். கூலிக் கொடுமையும் சாதிக் கொடுமையும் ஒரே முதுகில் விழும் அடிகள் என்பதை விளக்கக் கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தாமே சொன்னார்கள்.

கவனியுங்கள். மில் தொழிலாளி தேயிலைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வயல் தொழிலாளி தோல் ஷாப்பைத் தேர்ந்தெடுக்கிறார். தன் தொழிலின் கதையைவிட இன்னொரு தொழிலின் கதை அவர்களைத் தொட்டிருக்கிறது. வேறு ஊரில் வேறு வேலை செய்பவனும் நம்மைப் போலவே வதைபடுகிறான், நம்மைப் போலவே எழுந்து நிற்கிறான் என்று அறிவதுதான் வர்க்க உணர்வு. அதை இந்தப் புத்தகங்கள் கொடுத்தன.

நம் ஊர் எழுத்தாளரை மறக்க முடியுமா? புதுக்கோட்டையில் அரசு ஊழியராக வாழ்ந்து, சங்கத்திலும் பாடுபட்டு, 2004இல் மறைந்த கந்தர்வனின் சிறுகதைகள் இரண்டு இடத்திலும் நல்ல பெயர் வாங்கின. ஷிப்ட் முடிந்து சோற்றுக்கு உட்காரும் முன்னே ஒரு கதையை முடித்துவிடலாம் என்பதும் ஒரு காரணம்.

"கதை படித்து என்ன பயன்? தத்துவம் படிக்க வேண்டாமா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். வேண்டும். கம்யூனிஸ்ட் அறிக்கையைப் பெரியாரின் 'குடி அரசு' 1931லேயே தமிழில் வெளியிட்டது. அதையும் பகுதி பகுதியாக வாசித்தோம். கருப்பனின் கடன் கணக்கைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு உபரி உழைப்பு என்றால் என்னவென்று சொல்வது சுலபமாக இருந்தது. கதை கதவைத் திறக்கிறது; தத்துவம் உள்ளே வந்து உட்காருகிறது. இதில் சண்டை எதற்கு?

ஆனால் நம் மனத்தைக் குடைந்த பேச்சு வேறு. வயதான ஒரு தாயார் சொன்னார்: "அறிவொளியில எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டேன். அப்புறம் படிக்க என்னப்பா இருந்துச்சு? எழுத்தெல்லாம் மறந்துபோச்சு." 1991–92இல் நம் மாவட்டமே வியந்து பார்த்த இயக்கம் அது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும், ஊர் ஊராகப் போன தொண்டர்களும் சேர்ந்து நடத்தினார்கள். கல்குவாரிப் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். பி. சாய்நாத் 1996இல் வந்த தம் புத்தகத்தில் அந்தச் சைக்கிள் பெண்களைப் பற்றி எழுதி நாடறியச் செய்தார். ஆனால் கற்ற எழுத்துக்குத் தீனி வேண்டாமா? உழாத நிலம் தரிசாவது போல, படிக்கப் புத்தகமில்லாத எழுத்தும் மறந்துபோகிறது. குற்றம் அந்தத் தாயாருடையதா?

1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் மறைந்து சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டில் அந்த மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி நூலக வரி என்று ஒன்று உண்டு. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஓட்டு வீட்டுக்காரரும் கொடுக்கிறார். ஆகவே நூலகம் யாரும் போடும் தர்மமல்ல; நம் காசு. நாம் வேலைக்குப் போன பிறகு திறந்து, வீடு திரும்பும் முன்பே பூட்டிவிடுகிற நூலகம் யாருக்காக?

ஆகவே கோரிக்கை வைப்போம். ஊர்ப்புற நூலகங்கள் மாலை 6 மணி முதல் 9 மணி வரை திறந்திருக்க வேண்டும். புதிதாக எழுத்துக் கற்றவர்கள் படிக்கும்படி பெரிய எழுத்துப் புத்தகங்கள் வாங்க வேண்டும். வாரம் ஒரு நாள் உரக்க வாசிக்க இடம் தர வேண்டும். இதற்கு மனுக் கொடுப்போம், கையெழுத்து வாங்குவோம், கிராம சபையில் எழுந்து பேசுவோம். அதுவரை கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கக் கட்டிடத்திலும் ஒரு அலமாரி, ஒரு விளக்கு, வாசிக்க ஒரு குரல். இவை போதும், தொடங்கிவிடலாம்.

எட்டு மணி நேர வேலைக்காக நம் முன்னோர் உயிரைக் கொடுத்தது வெறுமனே தூங்குவதற்காக மட்டுமல்ல. மீதி நேரம் மனிதனாக வாழ்வதற்காக. அதில் ஒரு மணி நேரம் புத்தகத்துக்கு உரியது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் ஊர் தேர்ந்தெடுக்கும் புத்தகமும் இருக்கட்டும்.