காற்று விழுந்த பிறகு



ஒலிம்பிக், உலகக்கோப்பை பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது, வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்து ஓட்டும் ஒரு பாய்மரப் படகுப் பந்தயம். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியுள்ள வைட் தீவை ஒரே நாளில் சுற்றி வரவேண்டும். ஏறக்குறைய 93 கிலோமீட்டர். 1931-ல் 25 படகுகளோடு ஆரம்பித்தது. 2008-ல் 1,875 படகுகள் பெயர் கொடுத்தன!

முதல் ஆண்டு ஜெயித்தது 22 அடி நீள மீன்பிடிப் படகு. படகின் அளவையும் வேகத்தையும் பார்த்து நேரச் சலுகை தருவதால், கடைசியில் வந்து சேரும் சின்னப் படகும் கோப்பையைத் தட்டிச் செல்லலாம். 1971-ல் தட்டிச் சென்றவர் எட்வர்ட் ஹீத்; அப்போது அவர் பிரிட்டனின் பிரதமர். (நம்மூர்த் தலைவர்கள் யாரையும் சுக்கானோடு கற்பனை செய்ய எனக்கு வரவில்லை.)

அந்த ஊர் வானத்தை நம்பி வடகம் காயப்போட முடியாது. பந்தயம் தொடங்கும் கௌஸ் துறையில் வெயிலோடு கிளம்புகிறவர்களை, வழியிலுள்ள நீடில்ஸ் பாறைகளைத் தாண்டியதும் பலத்த காற்று அறையலாம். பாறையை ஒட்டித் திரும்பினால் தூரம் மிச்சம். ஆனால் 1947-ல் அங்கே தரைதட்டிய வார்வாசி கப்பலின் மிச்சம் நீருக்கடியில் கிடக்கிறது. அடிப்பாகம் கிழிந்து திரும்பிய படகுகள் உண்டு.

இவ்வளவும் தாங்கலாம். காற்று விழுந்துவிட்டால்தான் வேதனை. பாய் துவண்டு தொங்கும். என்ஜினைத் தொடக்கூடாது. எதிர் நீரோட்டம் படகைப் பின்னுக்கு இழுக்கும். பழகிய கை அப்போது நங்கூரத்தை எடுக்கும். பக்கத்துப் படகுக்காரர் பார்க்காதபடி, மறுபக்கமாக, சத்தமில்லாமல் கயிற்றை விடுவார்கள். சுற்றியுள்ள படகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவும். நங்கூரமிட்டவர் ஓர் அடி நகராமலே முன்னேறிக்கொண்டிருப்பார்! விதியும் இதை அனுமதிக்கிறது. கிளம்பும்போது நங்கூரத்தை விட்டுவிட்டு வரக்கூடாது, அவ்வளவுதான். பந்தயத்தில் சும்மா நிற்பதையும் ஒரு வித்தையாக்கிய இந்தக் குறும்புக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் தொண்டிக் கரையிலும் மீனவர்கள் பாய்மரப் போட்டி நடத்துகிறார்கள். அந்தப் பக்கத்து வாசகர்களே, நடுக்கடலில் காற்று நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள். போட்டி ரகசியமாக இருந்தால், ஜெயித்த பிறகு எழுதினாலும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்