பட்டாவுல 'ஏர்', புரோக்கர் வாயில 'சென்ட்': ரவுண்டா பேசினா யாருக்கு நஷ்டம்?

தஞ்சாவூர் பக்கம் எங்க குடும்ப வயல் ஒண்ணு இருக்கு. தாத்தாவைக் கேட்டா 'ஒரு மா' என்பார். அப்பா '33 சென்ட்' என்பார். பட்டாவில் '0 - 13.50' என்று இருக்கிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால், நிலம் வாங்கும்போது இந்த 'ஏறக்குறைய'தான் பிரச்னையே.

முதலில் பட்டாவைப் படிக்கக் கத்துக்கலாம். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். '0 - 02.00' என்றால் 2 சென்ட் இல்லை, 2 ஏர். அதாவது 200 சதுர மீட்டர்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

• 1 சென்ட் = 435.6 சதுர அடி
• 1 கிரவுண்ட் = 2,400 சதுர அடி (சுமார் 5.5 சென்ட்)
• 1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி
• 1 ஏர் = 100 சதுர மீட்டர் = 1,076.4 சதுர அடி (சுமார் 2.47 சென்ட்)
• 1 ஹெக்டேர் = 100 ஏர் = சுமார் 2.47 ஏக்கர்

இப்போ ஒரு கணக்கு. பட்டாவில் 2 ஏர் இருக்கிறது. புரோக்கர் 'ரவுண்டா 5 சென்ட் சார்' என்கிறார். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. 2 ஏர் என்றால் 2,153 சதுர அடிதான். வித்தியாசம் 25 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்றால், இல்லாத இடத்துக்கு 75,000 ரூபாய் கொடுக்கிறோம். பலருக்கு அது இரண்டு மாத இ.எம்.ஐ.!

பழைய பத்திரங்களில் குழி, மா, காணி இருந்தால் இன்னும் உஷாரா இருக்கணும். தஞ்சாவூர் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. எல்லா ஊரிலும் குழி இதே அளவு இல்லை. ஆன்லைன் கால்குலேட்டர் சொல்வது உங்க ஊர் குழியாக இல்லாமலும் போகலாம்.

மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனாலும் மக்கள் சென்ட்டில்தான் பேசுகிறார்கள். அதில் தப்பே இல்லை. அரசு ஆவணம்தான் மக்கள் மொழிக்கு இறங்கி வரணும். பட்டாவில் ஏருக்குக் கீழேயே சென்ட், சதுர அடி இரண்டையும் அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதுவரை? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டாவில் உள்ள ஏரை 1,076.4-ஆல் பெருக்குங்க. பத்திரத்தில் உள்ள சதுர அடியோடு ஒப்பிடுங்க. சர்வேயரை வைத்து இடத்தையும் அளந்துடுங்க. மூணும் ஒத்துப்போகலையா? பேரத்தை அங்கேயே நிறுத்துங்க.