சிஸ்டம் மறந்தா யார் பொறுப்பு?

"சிஸ்டத்துல இப்படித்தான் சார் காட்டுது." கவுண்டருக்கு வெளியே நின்ன யாரும் இந்த வசனத்துலேருந்து தப்பிச்சிருக்க முடியாது. பொட்டி தட்டுறவன்ங்கிற முறையில சொல்றேன்: சிஸ்டம் பொய் சொல்லல, மறந்துடுச்சு. மறக்கிற மாதிரி கட்டினது நாமதான்.

கடன் வட்டி 9 சதவீதம்னு இருந்த வரிசையை 10னு அப்டேட் பண்ணினா, 9 போயே போச்சு. 'கடைசியா மாத்தின தேதி'ன்னு ஒரு ஃபீல்டு வச்சிருப்போம். அது எப்ப மாறிச்சுன்னு சொல்லும், எதுலேருந்து மாறிச்சுன்னு சொல்லாது. "போன மார்ச்சுல என்ன வட்டி?"ன்னு கேட்கிறவர் பழைய காகிதத்தைத் தொலைச்சிருந்தா அவ்வளவுதான்.

"ஆரக்கிள்ல ஃப்ளாஷ்பேக் இருக்கே"ம்பாங்க. இருக்கு. 'ஆஸ் ஆஃப் டைம்ஸ்டாம்ப்'னு போட்டா பழைய நிலவரம் வரும். ஆனா சாதாரணமா அது படிக்கிறது அண்டூ தகவலை. அதோட டீஃபால்ட் ஆயுள் 900 செகண்ட், வெறும் கால் மணி நேரம். அதுக்கு மேல கிடைச்சா அதிர்ஷ்டம், இல்லேன்னா 'ஸ்னாப்ஷாட் டூ ஓல்ட்'. இப்பத்தான் தப்பா ஓட்டின டெலீட்டை மீட்க அது சரி. போன மார்ச்சுக்கு உதவாது.

அதுக்குன்னே எஸ்க்யூஎல்:2011 தரத்துல ஒரு வழி வந்துச்சு. எஸ்க்யூஎல் சர்வர் 2016லயும், மரியாடிபி 10.3லயும் (2018) இருக்கு. அப்டேட் பண்ணினா பழைய வரிசை, எதுலேருந்து எதுவரைக்கும் உயிரோட இருந்ததுங்கிற நேரத்தோட பத்திரமா இருக்கும். 'ஃபார் சிஸ்டம்_டைம் ஆஸ் ஆஃப்'னு தேதி கொடுத்தா அன்னிக்கு இருந்தபடியே வரும். (எஸ்க்யூஎல் சர்வர்ல அந்த நேரம் யூடிசி. நம்ம ஊர் நேரத்தை அப்படியே கொடுத்தா பதில் அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போகும், ஜாக்கிரதை!)

"இடத்தை அடைக்குமே"ன்னு ஒரு முணுமுணுப்பு எப்பவும் வரும். அடைக்கும்தான். எல்லா டேபிளுக்கும் யார் கேட்டா? நிமிஷத்துக்கு நூறு தடவை மாறுற கவுண்ட்டருக்கு வேணாம். வட்டி, சம்பளம், முகவரி மாதிரி நாளைக்கு ஒருத்தர் வந்து நியாயம் கேட்கக்கூடிய டேபிளுக்குக் கட்டாயம் வேணும். யார் மாத்தினாங்கங்கிறது தானா வராது. அதுக்கு நாமே ஒரு ஃபீல்டு வைக்கணும்.

பிரச்சினை வந்தப்புறம் ஆன் பண்ணிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க மக்களே. ஆன் பண்றதுக்கு முந்தின நாள் என்ன இருந்ததுன்னு எந்த க்வெரியாலயும் சொல்ல முடியாது. டேபிளை உருவாக்குற அன்னிக்கே முடிவு பண்ணுங்க.